‘சிறந்த பாய்ச்சல்’ பரிசை நான் கொடுக்க மாட்டேன்



பதிவு நீளமானது. 34 வருஷம் கணக்கு நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்று உங்களுக்கே தெரியும். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள், அப்புறம் என்னோடு சண்டை போடுங்கள்.

ஆடித்தபசு விடுமுறையில் நம் ஊரில் ஃபிரிஸ்பீ போட்டி நடத்தப் போகிறீர்கள். நல்ல காரியம். பரிசு கொடுக்க என்னை அழைத்ததில் சந்தோஷம். ஆனால் போன வாரம் வாட்ஸ்அப்பில் நோட்டீஸைப் பார்த்தேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘சிறந்த பாய்ச்சலுக்கு ரூ.5,000’. வழங்குபவர் என்று என் பெயர்.

அந்தப் பரிசை நான் கொடுக்க மாட்டேன். அச்சுக்குப் போவதற்குள் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று போனில் கேட்டேன். “சார், அதுதான் சார் கூட்டத்த இழுக்கும்” என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாத சொந்தங்களுக்காக ஒரு வார்த்தை. அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்பது 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டை ஒருவருக்கொருவர் வீசிப் பிடித்து, எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பிடிக்கிற ஆட்டம். பக்கத்துக்கு 7 பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தட்டு தரையைத் தொட்டால் அது எதிரணிக்குப் போய்விடும். 1968-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொடங்கிய ஆட்டம் இது. இதில் நடுவர் கிடையாது. தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே சொல்லி, பேசி, தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா’ என்ற வழக்கைச் சங்கரநாராயணராக நின்று தீர்த்துவைத்த சாமி இருக்கிற ஊர் நம் ஊர். நமக்குப் பொருத்தமான ஆட்டம் என்றுதான் நான் நினைத்தேன்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். சென்னையில் படிக்கிறான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடிப் பழகியவன். அங்கே காலை வேளையில் நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களும் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். மணலில் விழுகிறார்கள், எழுகிறார்கள், உடம்பைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

கோடை விடுமுறைக்குப் பேரன் இங்கே வந்தான், தட்டும் கூட வந்தது. ஒரு வாரத்தில் நம் தெருப் பிள்ளைகள் 20 பேர் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு மைதானத்தில் சாயங்காலம் ஆட்டம்.

அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். என்னிடம் படித்த ஒருவரின் மகன், பிளஸ் ஒன் முடித்தவன், தட்டை நோக்கி ஓடிவந்து அந்தரத்தில் உடம்பை நீட்டிப் பாய்கிறான். விரல் நுனியில் தட்டு சிக்குகிறது. பின்னால் சினிமாப் பாட்டு. குழுவில் சிங்கம், நெருப்பு, கைதட்டல் என்று படங்களாகக் கொட்டினீர்கள். “நம்ம ஊரு ரத்தம்லே” என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.

அந்த வீடியோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். தட்டு கையில் சிக்கியதும் வீடியோ முடிந்துவிடுகிறது. அவன் தரையில் விழுவது அதில் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். நாம் கைதட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவன் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஓட்டினால்தான் கூலி. அந்த ஒரு வாரம் அவர் தறிப்பக்கம் போகவில்லை. அவர்கள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன்.

இப்போது அதே பாய்ச்சலுக்கு 5,000 ரூபாய் பரிசு வைத்திருக்கிறீர்கள். என் கோபம் புரிகிறதா?

கணக்கு வாத்தியார்தானே, ஒரு கணக்குப் போடுகிறேன். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற உடம்பு தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர். மணிக்கு 16 கிலோமீட்டர். அதையே 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் பாதி, மணிக்கு 8 கிலோமீட்டர். உடம்பு வாங்குகிற அடியின் ஆற்றல் நாலில் ஒரு பங்குதான். ஆக, உயரமாகப் பாய்கிறவன் அழகாகத் தெரிவான், அடியும் அதிகம் வாங்குவான். தாழ்வாகப் பாய்கிறவன் போட்டோவில் நன்றாக இருக்க மாட்டான், மறுநாளும் ஆட வருவான். உங்கள் 5,000 ரூபாய் யாருக்குப் போகும்? உயரமாகப் பாய்கிறவனுக்குத்தான். எது ஆபத்தோ அதற்கு விலை வைத்திருக்கிறீர்கள்.

கணக்கின் இரண்டாம் பாகம் தரை. விழுகிற உடம்பு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடி. உதிரி மணல் 10 சென்டிமீட்டர் அமுங்கி உடம்பை நிறுத்துகிறது, கெட்டித் தரையில் 1 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பையன், அதே உயரம், விசை மட்டும் 10 மடங்கு. பெசன்ட் நகரில் எழுந்து மணலைத் தட்டிவிட்டு ஓடினவனைப் பார்த்துவிட்டு, நம் ஊர் மைதானத்தில் அப்படியே பாய்வது கணக்குத் தெரியாதவன் வேலை. என் பேரனிடமும் இதைச் சொல்லித் திட்டினேன். “தாத்தா, நான் டைவ் அடிக்கச் சொல்லலையே” என்றான். “ஏலே, நீ அடிச்சுக் காட்டினாய் அல்லவா, அதுக்கு மேல என்ன சொல்லணும்?” என்றேன்.

நம் ஊர் மண்ணைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே செவல், அதில் சரளைக்கல். விழுந்தால் முட்டியும் முழங்கையும் உரிந்துவிடும். கிழக்கே கரிசல். வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் போச்சு. மழை பெய்தால் ஒட்டிப் பிடிக்கும், உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முட்டிக்குள் இருக்கிற நார் அறுந்துவிடும். இதற்கு மேல் நெருஞ்சி முள், சீமைக்கருவேல முள், ராத்திரி மைதானத்தில் குடித்துவிட்டு உடைத்துப் போடுகிற பாட்டில். இது எல்லாம் இருக்கிற தரையில் நெஞ்சை வைத்துச் சறுக்கச் சொல்கிறீர்கள்.

அதோடு ஆடி மாசம். அம்மியே பறக்கும் என்கிற காற்று. 175 கிராம் தட்டு அதில் நேராகவா போகும்? கைக்கு வருவது போல வந்து கடைசி நொடியில் விலகும். விலகினால் பாயத் தோன்றும். ஓடிவந்த பாதை ஒன்று, பாய்கிற பாதை வேறு. எதிரே யார் வருகிறார் என்று பார்க்க நேரம் இருக்காது.

அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நாரைக் கொட்டிப் பரப்பி வைக்கிறார்கள். காளையும் மாடுபிடி வீரர்களும் விழுந்தால் அடிபடக் கூடாது என்று. காளைக்குக் கிடைக்கிற மெத்தை கூட நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதைக் கேட்டால் “சார், அந்தக் காலத்துல நாங்க எதுல விழுந்தோம்?” என்கிறீர்கள்.

எதில் விழுந்தோம் என்று நான் சொல்கிறேன். சடுகுடு ஆட ஆற்று மணலைத் தேடிப் போனோம். குஸ்திக்காரர்கள் கோதாவில் மண்ணைக் கொத்திப் புரட்டிப் பொலபொலவென்று ஆக்காமல் இறங்க மாட்டார்கள். நீளம் தாண்டுதலுக்குக் குழி வெட்டி மணல் போட்டோம். கிணற்றில் குதிக்கிறவன் முதலில் எட்டிப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பான். நீச்சல் பழகாதவன் இடுப்பில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டாமல் குதித்தால் பெரியவர்கள் முதுகில் நாலு வைப்பார்கள். அந்தக் காலத்து ஆட்கள் முட்டாள்கள் இல்லை. எங்கே விழப் போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் குதித்தார்கள். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று சொல்லிவைத்தவர்களே கரணம் போட்டவர்கள்தான்.

அடுத்து, வீரம் என்ற வாதம். “ஜான்டி ரோட்ஸ் டைவ் அடிக்கலையா சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். அடித்தார். 1992 மார்ச் 8, உலகக் கோப்பை, பிரிஸ்பேன் மைதானம். பந்தை எறிந்தால் தவறிவிடலாம் என்று, கையில் பந்தோடு ஓடிவந்து முழு உடம்போடு ஸ்டம்பில் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கினார். நான் அதைக் கொண்டாடியவன்தான். அதே பிரிஸ்பேன் மைதானத்தில் 2002 நவம்பரில், ஆஷஸ் தொடரின் முதல் நாளிலேயே, இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் சைமன் ஜோன்ஸ் பவுண்டரியைத் தடுக்கச் சறுக்கினார். கால் புல்தரையில் சிக்கியது. முட்டியின் தசைநார் கிழிந்தது. ஸ்ட்ரெச்சரில் போனார். மறுபடி டெஸ்ட் ஆட 2004 ஆகிவிட்டது. இவ்வளவுக்கும் நல்ல புல் வளர்ந்த சர்வதேச மைதானம், சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர், பக்கத்திலேயே டாக்டர். முதல் வீடியோவை ஆயிரம் தடவை பார்க்கிறோம். இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை. இங்கேயும் விழுவதை வெட்டிவிடுகிறோம்.

இன்னொரு பக்கம் எங்கள் தலைமுறைக்காரர்கள். மதினி ஒருத்தி போன் போட்டு, “இந்தச் சனியன் பிடிச்ச ஆட்டமே வேண்டாம், முதல்ல பொம்பளப் பிள்ளைகள அனுப்பாதீக” என்றாள். மச்சினர் ஒருவர், “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு விளையாட்டு?” என்றார். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். சாயங்காலம் செல்போனோடு மூலையில் கிடக்கிற பிள்ளையின் உடம்பு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடி, தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற ஆட்டம் இதைத் தவிர நம் ஊரில் எது இருக்கிறது? ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. விழக் கற்றுக்கொடுக்காமல் பாயச் சொல்வதை நிறுத்துங்கள் என்கிறேன். ஜூடோ கற்பவனுக்கு முதல் பாடமே விழுவதுதான். அடுத்தவனைத் தூக்கி எறிவது அப்புறம்தான்.

இவ்வளவு பேசுகிற எனக்கு இதைச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

1980-களின் கடைசியில் ஒரு பள்ளியில் கோ-கோ அணிக்கு நான் துணைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு போட்டியில் நம் பிள்ளை ஒருத்தி துரத்திக்கொண்டு வருகிறாள். ஓடுகிறவள் கம்பத்தைத் தாண்டிவிட்டாள். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்தினேன்: “பாய்! பாய்!” அவள் பாய்ந்தாள், தொட்டாள், நாங்கள் ஜெயித்தோம். சரளைத் தரையில் கையை ஊன்றி விழுந்திருந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. எண்ணெய் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன். மறுநாள் அசெம்பிளியில் அவளை மேடையில் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன்.

அந்த முழங்கை இன்று வரை முழுசாக நீளாது. சில வருஷங்களுக்கு முன் பஸ்ஸில் பார்த்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கை எப்படிம்மா இருக்கு?” என்றேன். “அது அப்படியே பழகிப் போச்சு சார்” என்று சிரித்தாள். அவள் இந்தப் பதிவையும் படிப்பாள். அம்மா, அன்றைக்கு உன்னைப் பாயச் சொன்னவன் நான். அதற்கு முன்னால் ஒரு நாளாவது எப்படி விழ வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. அது என் தப்பு. நீ ஒருநாளும் கேட்கவில்லை என்பதால் அது தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அதனால் இப்போதாவது அந்தப் பாடத்தை நடத்துகிறேன். பேரனிடம் கேட்டு, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடம் போனில் பேசித் தெரிந்துகொண்டது. பாய்ச்சலுக்கு அவர்கள் சொல்கிற பெயர் ‘லேஅவுட்’. நம் ஊரில் லேஅவுட் என்றால் பிளாட் போட்டு விற்பது. பிளாட் வாங்குகிறவன் பத்திரத்தைப் பார்ப்பது போல, பாய்கிறவன் தரையைப் பார்க்கட்டும்.

1. பாயாமல் பிடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பாதிப் பாய்ச்சல், தாமதமாக ஓடத் தொடங்கியதால் வருகிறது. இரண்டு எட்டு முன்னாலேயே ஓடத் தொடங்கினால் நின்றபடியே பிடிக்கலாம். நல்ல ஆட்டக்காரனுக்கு அடையாளம் அது.

2. பாய்வதென்றால் கடைசி இரண்டு மூன்று எட்டில் இடுப்பைத் தாழ்த்துங்கள். மேலே எழும்பக் கூடாது, முன்னால் போக வேண்டும். விமானம் ஓடுபாதையில் இறங்குவது மாதிரி. மேலே நான் போட்ட 25 சென்டிமீட்டர் கணக்கு இதுதான்.

3. கையை ஊன்றாதீர்கள். உடம்பு எடை முழுதும் ஒரு உள்ளங்கையில் இறங்கினால் மணிக்கட்டு, முழங்கை, தோள், காறை எலும்பு இதில் ஏதாவது ஒன்று போகும். முட்டியும் தோள்முனையும் முதலில் தரையைத் தொடக் கூடாது. நெஞ்சு, வயிற்றின் மேல்பாகம், தொடை என்று அகலமான இடங்கள் சேர்ந்து தொட்டு, உடம்பு முன்னால் சறுக்க வேண்டும். வேகம் சறுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

4. தாடையை மேலே தூக்கி வையுங்கள். மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். தட்டை நெஞ்சுக்கு அடியில் கொண்டுவராதீர்கள், விலா எலும்பில் குத்தும்.

5. உதிரி மணலில் உடம்பு சறுக்காது, புதையும். அங்கே கை புதைந்து தலை முன்னால் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலையடிக்கிற ஈர மணல் கெட்டியானது, அதை மணல் என்று நம்பாதீர்கள்.

6. இன்னொருவர் காலை நோக்கியோ முதுகை நோக்கியோ பாயாதீர்கள். யாரையும் தொடாவிட்டாலும், அடுத்தவருக்கு ஆபத்தாக ஆடினால் அது ஃபவுல் என்று இந்த ஆட்டத்தின் சர்வதேச விதியிலேயே இருக்கிறது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் அதை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. பழகுவது எப்படி? முதல் நாள் பழைய மெத்தையின் மேல் முழங்காலிட்டு முன்னால் சாய்ந்து விழுங்கள். அப்புறம் குத்தவைத்து. அப்புறம் ஒரு எட்டு நடந்து. அப்புறம் மெல்ல ஓடி. ஒவ்வொரு படியும் பயமில்லாமல் வந்த பிறகுதான் அடுத்த படி. நாலு நாளில் முடிகிற பாடம் இல்லை. களைத்துப் போன கடைசி ஆட்டத்தில் பழகாத பாய்ச்சலை முயற்சி செய்யவே கூடாது.

அடிபட்டால் என்ன செய்வது? இது பெற்றோருக்கு.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. “நல்லாத்தான் இருக்கேன்” என்று அவன் சொல்வதைக் கேட்காதீர்கள். வாந்தி, குழப்பமான பேச்சு, விடாமல் கூடுகிற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப் போகிறது என்றால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், புரட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். அப்படியே அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எலும்பில் சந்தேகம் இருந்தால் உருவிவிடாதீர்கள். படம் எடுக்காமல் யார் கட்டுப் போட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் வலி நின்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சில நாள் கழித்து மறுபடி காட்டுங்கள். அங்கே இருக்கிற சின்ன எலும்பின் முறிவு சில சமயம் முதலில் தெரியாது.

உரிந்த காயத்தை ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி மூடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காபிப்பொடி வைக்காதீர்கள். நம் கோயில் புற்றுமண் மேல் எனக்கும் பக்தி உண்டு, நெற்றியில் பூசிக்கொள்வேன். திறந்த காயத்தில் எந்த மண்ணும் வைக்கக் கூடாது. ரத்தம் வழிகிறவர் வெளியே போய்க் காயத்தை மூடிவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும் என்று இந்த ஆட்டத்தின் விதியும் சொல்கிறது.

கடைசியாக, போட்டிக்கு வருகிறேன். குறை சொல்லிவிட்டு ஒதுங்குகிறவன் இல்லை நான்.

மைதானம் முழுக்க மணல் போடலாமே என்பீர்கள். கணக்குப் பாருங்கள். 100-க்கு 37 மீட்டர் மைதானத்தில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவே 74 கன மீட்டர் மணல் வேண்டும். 26 யூனிட். அந்த 2 சென்டிமீட்டரும் மெத்தை ஆகாது, கெட்டித் தரைமேல் கிடந்து வழுக்கிவிடும். ஆகவே இந்த வருஷம் ஊர் விதி ஒன்று போடுங்கள்: பாய்ந்து பிடித்தால் பாயிண்ட் இல்லை, தட்டு எதிரணிக்கு. ஆடுகிற எல்லாருக்கும் ஒரே விதிதானே, யாருக்கும் நஷ்டமில்லை. கூட்டம் வராது என்றால் வருகிற கூட்டம் போதும். யாராவது விழுந்து எலும்பை முறிப்பதைப் பார்க்கத்தான் வருவேன் என்கிற கூட்டம் நமக்கு எதற்கு?

அந்த 5,000 ரூபாயை மைதானத்தின் ஓரத்தில் ஒரு பயிற்சிக் குழிக்குச் செலவழியுங்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். 5.4 கன மீட்டர், கிட்டத்தட்ட 2 யூனிட் மணல். பணம் குறைந்தால் மீதியை நான் போடுகிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் 20 பேர் வரிசையாக நின்று மைதானத்தை நடந்து, நெருஞ்சியும் கண்ணாடியும் பொறுக்குங்கள். அந்த வரிசையில் முதல் ஆள் நான். முதலுதவிப் பெட்டியும் ஐஸும் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டியும் களத்தோரம் நிற்கட்டும்.

எனக்கு ஒரு பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இந்த ஆட்டத்திலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த அணி மரியாதையாக, அடுத்தவருக்கு அடிபடாமல் ஆடியது என்று மற்ற அணிகள் மதிப்பெண் போட்டு, அந்த அணிக்கு ஒரு பரிசு தருவார்கள். அந்தப் பரிசை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். என் கையாலேயே தருகிறேன்.

காறை எலும்பு முறிந்த பையன் இப்போது கையைத் தூக்குகிறான். நேற்று வீட்டுக்கு வந்தான். “சார், போட்டிக்குள்ள சரியாயிடும்லா?” என்றான். “டாக்டர் சொல்லட்டும். நீ இந்த வருஷம் கோட்டுக்கு வெளியே நின்னு பாயிண்ட் எழுது” என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. குழி வெட்டி மணல் போட்டால் அடுத்த வருஷம் முதலில் இறங்கப் போகிறவன் அவன்தான், முழங்காலிட்டு, மெத்தையிலிருந்து.

நோட்டீஸ் அச்சுக்குப் போக இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டீர்கள் என்று போன் வந்தால் வேட்டி சட்டையோடு வந்து உட்காருகிறேன். எடுக்கவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அன்றைக்கும் வருவேன், கூட்டத்தோடு நின்று பார்ப்பேன். யாராவது பாய்ந்தால் கைதட்ட மாட்டேன். விழுந்த இடத்துக்கு ஓடுவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்,
சங்கரன்கோவில்.